இருமல் மருந்து: இரண்டு இன்ஸ்பெக்டர்களை சஸ்பெண்ட் செய்தால் கணக்கு முடிந்ததா?

கரிசல்காட்டான்:

கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரம் முதல் பக்கத்தில் இருந்து இறங்கிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். சூடாக இருந்தபோது தொடங்கியிருந்தால் "தூக்கில் போடு" என்று நாற்பது பதில் வந்து இந்த விவாத இழை செத்திருக்கும்.

தெரிந்த கதைதான். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் நின்றுபோனது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப்பைத் தயாரித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. அக்டோபர் 1ஆம் தேதி இங்கே தகவல் வந்தது. நம் மாநில அதிகாரிகள் விடுமுறை என்றும் பார்க்காமல் தொழிற்சாலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். ஓரிரு நாளில் முடிவு வந்துவிட்டது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம். இருக்கலாம் என்று விட்டுவைத்த அளவு 0.1 சதவீதம். அதாவது கிட்டத்தட்டப் பாதி பாட்டில் விஷம். அதே ஆய்வில் 350க்கு மேல் விதிமீறல்களைக் குறித்தார்கள். உரிமையாளர் கைது, லைசென்ஸ் ரத்து, இரண்டு சீனியர் இன்ஸ்பெக்டர்கள் சஸ்பெண்ட். கடைசி இரண்டு வருடம் அந்தத் தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை என்பது அவர்கள் மேல் உள்ள புகார்.

இப்போது என் கேள்வி. போன அன்றே 350 குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தானே 2011இல் லைசென்ஸ் கொடுத்தார்கள், 2016இல் புதுப்பித்தார்கள்? தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் போகாமல் இருந்தார்களா? டெல்லியைக் கேட்டால் "லைசென்ஸ் கொடுத்தது மாநிலம்" என்கிறார்கள். மாநிலத்தைக் கேட்டால் இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்த உத்தரவைக் காட்டுகிறார்கள். நடுவில் யாரிடம் கேட்பது?

வேலி, பயிர் பழமொழியைத் தயவுசெய்து யாரும் எடுக்க வேண்டாம். காது புளித்துவிட்டது.

டீக்கடை பெஞ்ச்:

லஞ்சம் அண்ணே. வேறென்ன. இழையைப் பூட்டிடலாம்.

கரிசல்காட்டான்:

பூட்டலாம் தம்பி. எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்டு.

க்யூசி ரூம்:

நான் பதினோரு வருடம் சிரப் போடும் கம்பெனிகளில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்தவன். இப்போது வேறு துறை. எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போவது இந்தச் செய்தியில் வந்த கம்பெனி இல்லை.

சிரப்பில் மருந்து கரைய புரொப்பிலீன் கிளைக்கால் போடுவார்கள். 215 கிலோ நீல டிரம்மில் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கொஞ்சம் கொழகொழப்பு, நாக்கில் லேசான இனிப்பு. டைஎத்திலீன் கிளைக்காலும் அப்படியேதான் இருக்கும், விலை மட்டும் குறைவு. கண்ணால் பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு டிரம்மிலும் மாதிரி எடுத்து சோதித்தால்தான் உண்டு. நான் இருந்த ஒரு இடத்தில் அதைப் பிரித்துக் காட்டும் ஜிசி மெஷினே இல்லை. டிரம்முடன் வரும் சான்றிதழ் கெமிக்கல் தயாரித்தவன் கொடுத்ததாக இருக்காது. நடுவில் விற்ற வியாபாரி தன் லெட்டர்பேடில் டைப் அடித்துக் கொடுத்ததாக இருக்கும். கேட்டால் "மார்க்கெட்டில் ஸ்டாக் இல்லை, பேட்சை ஓட்டு" என்பார்கள்.

இன்ஸ்பெக்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் வரும். அன்று இரவு மூன்று மாத லாக் புக்கை உட்கார்ந்து எழுதுவோம். நாலைந்து பேனா வைத்துக்கொண்டு எழுதுவோம். ஒரே பேனா என்றால் ஒரே இரவில் எழுதியது தெரிந்துவிடும் அல்லவா? ஈரப்பதம், வெப்பநிலை சார்ட்டுக்கு என்று கையெழுத்து நன்றாக உள்ள பெண் ஒருவர் இருந்தார்.

ஒருமுறை வந்த அதிகாரி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இது ஞாயித்துக்கிழமையாச்சே, ஆள் வந்தாங்களா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, "அட்டெண்டன்ஸ்ல இருக்கான்னு பாத்து எழுதுங்கப்பா, நாளைக்கு வேற யாராவது வந்தா மாட்டிக்குவீங்க" என்றார். அவ்வளவுதான். அவர் பணம் வாங்கி நான் பார்த்ததில்லை. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டார். ஆனால் அன்று எங்களுக்குப் பொய்யை ஒழுங்காக எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். டீக்கடை பெஞ்ச், இதை நீங்கள் லஞ்சக் கணக்கில் எழுதுவீர்களா?

டீக்கடை பெஞ்ச்:

எழுத முடியாது. சரி, இழை திறந்தே இருக்கட்டும்.

க்யூசி ரூம்:

இன்னொன்று விட்டுப்போனது. குறைகளைக் குறித்து நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் எழுத எங்கள் கம்பெனிக்கு ஒரு கன்சல்டன்ட் உண்டு. அதே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டீஸ் போட்ட இன்ஸ்பெக்டர் அவரிடம் வேலை பழகியவர். சார் எழுதிக் கொடுத்த பதிலை சிஷ்யன் எப்படித் திருப்பி அனுப்புவான்?

பழைய பைல்:

நான் ஒரு மாநிலத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பிரிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். க்யூசி ரூம் தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டரை மட்டும் நடுத்தெருவில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு மாதிரி எடுப்பது என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? கடையில் எடுத்தால் அதை நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சீல் வைத்து, 17ஆம் நம்பர் படிவம் கொடுத்து, ஒன்றை அங்கேயே விட்டு, ஒன்றை அரசு ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒன்றைக் கோர்ட்டுக்கென்று பத்திரப்படுத்த வேண்டும். விலையும் கொடுக்க வேண்டும். சீல் வைக்கும் அரக்குக்கே சில்லறைச் செலவு பில் போட்டு மூன்று மாதம் காத்திருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஐம்பது தொழிற்சாலைக்கு ஒரு இன்ஸ்பெக்டர், இருநூறு கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த மஷேல்கர் கமிட்டி 2003இலேயே எழுதிக் கொடுத்தது. எந்த மாநிலம் அதை முழுதாக நிரப்பியது?

கேஸ் போட்டால் அது வேறு கதை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் போட்ட கேஸ் அவர் ஓய்வு பெற்ற பிறகு விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்ல சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய் வந்தார், நாலு முறை. நாலாவது முறையும் வாய்தா. அந்தக் கம்பெனி முதலாளி கோர்ட் வாசலில் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தாராம். "நம்ம ரெண்டு பேருமே கஷ்டப்படுறோம் சார்" என்றாராம். நெருக்கம் இப்படியும் வரும்.

கரிசல்காட்டான்:

ஐயா, அந்தக் காபிக்கு நன்றி. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஆள் பற்றாக்குறை என்றால் எல்லாத் தொழிற்சாலையும் சமமாகப் பற்றாக்குறையில்தான் இருக்கும். எந்தத் தொழிற்சாலையை விட்டுவிடுவது என்று யார் முடிவு செய்தது?

செங்காந்தள்:

அண்ணா, கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது. நீங்கள் எல்லாரும் கீழ்ப் படியைப் பார்க்கிறீர்கள். நான் மேல் படியைச் சொல்கிறேன்.

2012 மே மாதம் நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழு தன் 59ஆவது அறிக்கையை வைத்தது. முழுக்க முழுக்க சிடிஎஸ்சிஓ என்ற மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றியது. அந்த அமைப்பு தன் நோக்கம் என்று எழுதி வைத்திருந்ததையே குழு எடுத்துப் போட்டு வறுத்தது. அதில் முதல் வரியே மருந்துத் தொழிலின் விருப்பங்களையும் தேவைகளையும் நிறைவேற்றுவது. நோயாளி எங்கே? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்புகள் பொதுமக்கள் உடல்நலத்தில்தான் ஆரம்பிக்கின்றன என்று பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒளித்து மறைத்துச் செய்த தப்பு இல்லை இது, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

அடுத்து, குழு 42 மருந்துகளின் பைல்களைக் கேட்டது. மூன்று பைல் காணவில்லை என்று பதில். பெஃப்ளாக்சசின், லோமெஃப்ளாக்சசின், ஸ்பார்ஃப்ளாக்சசின். கிடைத்த 39இல் 11 மருந்துகளுக்கு, விதிப்படி நடத்தியே ஆகவேண்டிய மூன்றாம் கட்டப் பரிசோதனை, அதாவது நிறைய நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்கும் சோதனை, நடக்கவில்லை. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலே அனுமதி பெற்ற மருந்துகள் மட்டும் 33. கணக்குப் போட்டால் மாதம் ஒன்று.

எனக்கு மறக்காத பகுதி நிபுணர் கடிதங்கள். புது மருந்துக்கு அனுமதி தரலாமா என்று டாக்டர்களிடம் கருத்து கேட்பார்கள். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மருத்துவமனையில் இருக்கும் பேராசிரியர்கள் எழுதிய பரிந்துரைகள் வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி இருந்தன. கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாத கை எழுதியிருக்கிறது, நிபுணர்கள் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றே குழு எழுதியது. கம்பெனி, சில அதிகாரிகள், சில டாக்டர்கள் மூவருக்கும் கூட்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இருக்கிறது என்றும் எழுதியது.

பரீட்சை எழுதுகிற பையனே திருத்துகிற வாத்தியாரின் பேனாவைப் பிடித்த கதை. கவர் கைமாறியதா என்று குழுவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஐந்தாறு கடிதத்தை வரிசையாக மேசையில் வைத்துப் படித்தார்கள், போதுமாக இருந்தது.

டீக்கடை பெஞ்ச்:

அக்கா, அந்த டாக்டர்கள் என்ன ஆனார்கள்?

செங்காந்தள்:

அறிக்கைக்குப் பிறகு கமிட்டிகள் வந்தன. பேராசிரியர் ரஞ்சித் ராய் சௌத்ரி தலைமையில் ஒன்று, 2013இல் நல்ல பரிந்துரைகள் தந்தது. நிபுணர் குழுக்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை வந்தது, அது முன்னேற்றம்தான். கையெழுத்துப் போட்டவர்களில் யாரும் ஜெயிலுக்குப் போனதாக நான் எங்கும் படித்ததில்லை தம்பி.

சின்ன யூனிட்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் மருந்து யூனிட் நடத்துகிறேன். சிரப் போடுவதில்லை, களிம்பு மட்டும்.

எங்களைத் திருடன் மாதிரி எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஷெட்யூல் எம் என்ற தயாரிப்புத் தர விதிகளைத் திருத்திக் கொண்டுவந்து கட்டடத்தை மாற்று, ஏர் ஹேண்ட்லிங் மாற்று என்றால் நாங்கள் வீட்டை விற்றுத்தான் மாற்ற வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு இன்ஸ்பெக்டரின் தயவு எதற்கு? அவர்கள் நேராக டெல்லியிலேயே பேசிக்கொள்வார்கள். 2022 ஜூனில் சிடிஎஸ்சிஓவின் இணைக் கட்டுப்பாட்டாளர் ஒருவரை, ஒரு இன்சுலின் மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனையைத் தள்ளுபடி செய்யப் பணம் வாங்கினார் என்று சிபிஐ கைது செய்ததே, அது சின்ன யூனிட் கேஸா?

கரிசல்காட்டான்:

அது குற்றச்சாட்டு அண்ணாச்சி, சம்பந்தப்பட்ட நிறுவனம் மறுத்திருக்கிறது. ஆனால் உங்கள் வாதம் புரிகிறது. ஒன்று கேட்கட்டுமா? டிரம் சோதிக்க மெஷின் இல்லாத யூனிட் சிரப் போடலாமா?

சின்ன யூனிட்:

போடக்கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெளி ஆய்வகத்தில் காசு கொடுத்துப் பார்த்துவிட்டாவது போட வேண்டும்.

செங்காந்தள்:

நன்றி அண்ணா, இதை இந்தத் தொழிலில் இருப்பவரே சொல்வதுதான் முக்கியம். ஆனால் ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 2014இல் அப்போதைய தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் ஜி.என்.சிங் ஒரு பத்திரிகைப் பேட்டியில், அமெரிக்கத் தரத்தை வைத்து உள்நாட்டுக்குச் சப்ளை செய்யும் தொழிற்சாலைகளைச் சோதித்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூட வேண்டியிருக்கும் என்ற பொருளில் பேசினார். ரான்பாக்ஸி என்ற நம் நாட்டு மருந்துக் கம்பெனி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்ட அடுத்த வருடம் அது. ஒரு தொழில் சங்கத் தலைவர் அப்படிப் பேசியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்தது. மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவில், அதாவது தரக்குறைவான மருந்து வகையறாவில், கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தார்கள். தொழில் செய்வதைச் சுலபமாக்குகிறோம் என்பது காரணம். ஆள் சாகும் கலப்படத்துக்கு இது பொருந்தாது, அதற்குத் தனிப் பிரிவு உண்டு என்று அரசு சொன்னது, அது உண்மைதான். ஆனால் சமரசம் பேசும் மேசையில் எதிரெதிரே யார் உட்காருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜன்னல் சீட்:

கொஞ்சம் வெளியே போய் வருகிறேன், திட்டாதீர்கள். விமான ஆள் நான். போயிங் 737 மேக்ஸ் கதையும் இதுதான். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒரு விபத்து, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் ஒன்று, மொத்தம் 346 பேர் இறந்தார்கள். விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய அமெரிக்க எஃப்ஏஏவுக்கு ஆள் பற்றாது என்று, அந்தச் சோதனைகளில் பெரும்பங்கைப் போயிங் ஊழியர்களே எஃப்ஏஏ சார்பில் செய்யலாம் என்ற ஏற்பாடு. சம்பளம் போயிங், கையெழுத்து அரசு. முதல் விபத்துக்குப் பிறகு எஃப்ஏஏவே உட்கார்ந்து ஒரு மதிப்பீடு போட்டது: விமானத்தில் உள்ள கோளாறைச் சரிசெய்யாமல் விட்டால் அந்த ரக விமானங்களின் ஆயுளில் இன்னும் 15 விபத்து நடக்கலாம் என்று வந்தது. விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவது விபத்துக்கு மறுநாள் சீனா தரையிறக்கியது. அமெரிக்கா அதற்கும் இரண்டு நாள் கழித்து.

அந்த 15 என்ற எண் வெளியே வந்தது எப்படி? நாடாளுமன்றக் குழு காகிதத்தைக் கேட்டு வாங்கியதால். செங்காந்தள் சொன்ன கடிதங்கள் மாதிரியே.

ஒசாகாவில் இருந்து:

ஜப்பானில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது, அமகுதாரி. வானத்தில் இருந்து இறங்குவது என்று அர்த்தம். வானம் என்றால் அரசுப் பதவி, இறங்குமிடம் கம்பெனி. க்யூசி ரூம் சொன்ன கன்சல்டன்ட் சார்தான், கோட் மாட்டியிருப்பார், அவ்வளவே வித்தியாசம். இங்கே அரசின் எரிசக்தி முகமையின் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற சில மாதத்தில், 2011 ஜனவரியில், டெப்கோ மின் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். மார்ச்சில் அதே நிறுவனத்தின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. ஏப்ரலில் விலகினார். அணு உலைகளைக் கண்காணிக்கும் அமைப்பு அந்த முகமையின் கீழேயே இருந்தது. அந்த முகமை இருந்த அமைச்சகத்துக்கே அணுசக்தியை வளர்க்கும் வேலையும். ஒரே வீட்டில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும்.

2012இல் நாடாளுமன்றம் அமைத்த குரோகாவா கமிஷன் இதை இயற்கைப் பேரிடர் என்று சொல்ல மறுத்து, மனிதர் உண்டாக்கியது என்று எழுதியது. கண்காணிப்பவர்கள் கம்பெனியின் கைதிகளாகிவிட்டார்கள் என்றும் எழுதியது. பிறகு அந்தக் கண்காணிப்பு அமைப்பைக் கலைத்துப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். அங்கே மாற்றலாகி வருபவர் பழைய அமைச்சகத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது என்று விதி. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளாவது போட்டார்கள்.

யாழ்தேவி:

எங்கட இலங்கைப் பக்கமும் ஒண்டும் குறைவில்லை. பேராசிரியர் சேனக பிபிலே மருந்துக் கொள்கை எழுதின நாடு எண்டு பெருமை பேசுவம். 2015இல்தான் மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அவசரம், டொலர் இல்லை எண்டு பதிவு இல்லாத மருந்துகளை விலக்களித்துக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அந்த வழியால போலி இம்யூனோகுளோபுலின் ஊசி வந்ததாக வழக்கு, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைது. அவசரம் எண்ட சொல்லைக் கேட்டால் எனக்கு இப்ப பயமாக் கிடக்கு.

டீக்கடை பெஞ்ச்:

அக்கா, அமைச்சர் வரைக்கும் போனார்களே. எங்களுக்கு இன்ஸ்பெக்டரோடு நிற்கிறது.

பழைய பைல்:

எல்லாத் தடவையும் அப்படி நின்றுவிடவில்லை தம்பி. 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இதே டைஎத்திலீன் கிளைக்கால் கலந்து 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லென்டின் விசாரித்தார். மருத்துவமனை, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், அமைச்சர்கள் என்று ஒருவரையும் விடாமல் எழுதினார். சுகாதார அமைச்சர் பதவி விலக வேண்டி வந்தது. நாங்கள் அலுவலகத்தில் அந்தச் செய்தியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டோம். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதற்கும் முன்னால், 1972இல், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலேயே இதே விஷத்தால் பிள்ளைகள் இறந்தார்கள். அப்புறம் 1998 குர்கான், 2020 ஜம்முவில் ராம்நகர், 2022 காம்பியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டி. சரக்கு ஒன்று, டிரம் ஒன்று.

கரிசல்காட்டான்:

சரி. இதுவரை பேசியதில் இருந்து எனக்கு ஒன்று தெளிவாகிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நம்மால் ஒருநாளும் நிரூபிக்க முடியாது. க்யூசி ரூமின் தயிர்சாத அதிகாரியை எந்தச் சட்டத்திலும் பிடிக்க முடியாது. ஆனால் எங்கெல்லாம் காகிதம் வெளியே வந்ததோ அங்கெல்லாம் நெருக்கம் அதுவாகவே தெரிந்திருக்கிறது. டெல்லியில் ஒரே மாதிரிக் கடிதம், அமெரிக்காவில் அந்த 15.

அப்படியானால் கேட்க வேண்டியது, ஒவ்வொரு தொழிற்சாலையின் ஆய்வறிக்கையும் இணையத்தில் வர வேண்டும் என்பதுதானே? எந்தத் தேதி போனார்கள், யார் போனார், என்ன குறை எழுதினார், கம்பெனி என்ன பதில் சொன்னது, அந்தப் பதிலை எழுதியவர் யார்? ஓட்டல் சமையலறையைப் பற்றிக்கூட ஸ்டார் போட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

சின்ன யூனிட்:

போட்டால் எங்கள் போட்டியாளன் அதை எடுத்துக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்குவான். ஒரு டாய்லெட் கதவு சரியில்லை என்று எழுதியிருந்தாலும் "விதிமீறல்" என்று வாட்ஸப்பில் சுற்றும்.

க்யூசி ரூம்:

அண்ணாச்சி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நம் ஊர்த் தொழிற்சாலைக்கு வந்து குறைகளை எழுதும் 483 என்ற படிவங்களில் பலவற்றை இப்போதே இணையத்தில் படிக்கலாம். அமெரிக்காக்காரன் குடிக்கும் மாத்திரைக்கு நம் தொழிற்சாலையில் என்ன குறை என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை குடிக்கும் சிரப்புக்குத் தெரியாது. டாய்லெட் கதவை நீங்கள் சரி செய்துவிட்டால் அதையும் சேர்த்துப் போடட்டும்.

சின்ன யூனிட்:

சரி செய்ததையும் போடுவார்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு லாபம்தான். காசு செலவழித்து ஒழுங்காக வைத்திருப்பவனுக்கும் ஒன்றும் செய்யாதவனுக்கும் இப்போது ஒரே லைசென்ஸ்.

கரிசல்காட்டான்:

எங்கள் மாவட்டத்துக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு, போடப் போகிறேன். மருந்துத் தொழிற்சாலைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு ஆய்வு நடந்த தேதி, ஆய்வறிக்கை நகல், கம்பெனிகள் தந்த பதில். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது.

செங்காந்தள்:

அந்தச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு என்று திருப்புவார்கள், வணிக ரகசியம். அதே பிரிவிலேயே பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு அதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

கரிசல்காட்டான்:

(ஆறு வாரம் கழித்து)

பதில் வந்தது. செங்காந்தள் சொன்ன மாதிரியேதான், பிரிவு நம்பர் உட்பட. தொழிற்சாலைகளின் எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு நடந்த தேதிகள் "பல்வேறு கோப்புகளில் உள்ளதால் தொகுத்து வழங்க இயலாது". அறிக்கைகளும் பதில்களும் வணிக ரகசியம். கையெழுத்து மட்டும் பச்சை மையில் பளிச்சென்று இருக்கிறது.

தேதி எப்படி வணிக ரகசியம் ஆகும் என்று கேட்டால், அது ரகசியம் இல்லையாம், தொகுக்கத்தான் முடியாதாம்.

பழைய பைல்:

தம்பி, நீங்கள் தப்பான கோப்பைக் கேட்டுவிட்டீர்கள். முதலில் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர்கள் மாதா மாதம் முன்கூட்டியே டூர் புரோகிராம் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புவார்கள். எந்தத் தேதி எந்த ஊர் என்று அதில் இருக்கும். அந்தப் பேப்பர் நாலு மேசை தாண்டிப் போகும். க்யூசி ரூம் தம்பிக்கு முந்தின நாள் போன் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? மாதம் முடிந்ததும் டூர் டைரி எழுதுவார்கள், அதை வைத்துத்தான் பயணப்படி பில். தொழிற்சாலைக்குப் போகாமல் விட்டாலும் விடுவார்கள், போனதற்குப் பில் போடாமல் மட்டும் விடமாட்டார்கள்.

அது கணக்குப் பிரிவில் இருக்கும். வணிக ரகசியம் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. தொகுத்துத் தாருங்கள் என்று கேட்காதீர்கள். இரண்டு வருடத்து டூர் டைரியையும் பயணப்படிப் பதிவேட்டையும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு தொழிற்சாலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டே வந்தால், டிக் இல்லாதவை தானாக நிற்கும்.

கரிசல்காட்டான்:

ஐயா, அந்தப் பதிவேடு பார்க்க எப்படி இருக்கும்? நான் போய் வேறு எதையாவது புரட்டிக்கொண்டு வரப் போகிறேன்.

பழைய பைல்:

நீளமாக இருக்கும், காலிகோ பைண்டிங். முதுகில் தாள் ஒட்டி வருடம் எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டோம் என்று சொன்னால் பிரிண்ட் அவுட் கேளுங்கள். வேண்டாம், நானே வருகிறேன். அனுமதிக் கடிதம் வந்ததும் தேதி சொல்லுங்கள்.

க்யூசி ரூம்:

நானும் வரட்டுமா? கையெழுத்து ஒரே இரவில் எழுதியதா என்று பார்த்தால் சொல்லிவிடுவேன்.